கான்கிரீட் தரைக்குப் பாலிஷ்: கீழே தையல் கூடம், மேலே வீடு

அன்புள்ள வாசகருக்கு,

திருப்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் உடன் அனுப்பிய படங்களும் கிடைத்தன. கீழ்த்தளத்தில் சுமார் 1,800 சதுர அடியில் பனியன் தைக்கும் கூடம், மேலே குடும்பத்துக்கு வீடு என்று கட்டி வருகிறீர்கள். கீழே 4 அங்குலக் கான்கிரீட் போட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. மேலே ரூஃப் கான்கிரீட் முடிந்து சுவர்ப் பூச்சு நடக்கிறது. தரை இன்னும் போடவில்லை. கீழ்த்தளத்தைக் கூட்டும்போதெல்லாம் சாம்பல் நிறப் பொடி கிளம்பி வெள்ளைத் துணிக்கட்டுகளில் படிகிறது என்றும், தூண் மூலைகளிலிருந்து விரிசல் ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஒப்பந்ததாரர் எப்பாக்ஸி, அதாவது தரையின் மேல் படலமாக இறுகும் ரெசின் பூச்சு, அடிக்கச் சொல்கிறார். மற்றொருவர் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி கண்ணாடியாகப் பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்கிறார். வீட்டுக்கும் அதையே செய்துவிடலாமா, முழங்கால் வலியுள்ள உங்கள் தாயாருக்கு வழுக்குமா என்பவை உங்கள் மற்ற கேள்விகள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தைப் பாலிஷ் செய்யலாம். ஆனால் அவர் காட்டிய படத்தில் உள்ள ஒரே சீரான சாம்பல் நிறத் தரை உங்களுக்கு வராது. மேல்தளத்தில் இனிமேல்தான் கான்கிரீட் போடப் போகிறீர்கள் என்பதால், அங்கே நன்றாக வரும் வாய்ப்பு அதிகம். சமையலறையையும் குளியலறையையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

இதற்கான காரணம், பாலிஷ் என்பது பலரும் நினைப்பதுபோல் தரையின் மேல் எதையோ பூசுவது அன்று, தரையையே அரைத்துத் தேய்ப்பது. நம் ஊரில் மொசைக் தரை போட்டவர்களுக்கு இந்த வேலை புதிதன்று. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து, கார்பரண்டம் கல் பூட்டிய இயந்திரத்தால் முதல் கட், இரண்டாம் கட் என்று தேய்த்து, இடையில் ஊசித் துளைகளை அதே நிறச் சிமெண்டால் அடைத்து, கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் வைத்துப் பளபளப்பு ஏற்றினார்கள். இப்போது கார்பரண்டத்தின் இடத்தில் வைரத் துகள் பதித்த பற்கள் வந்திருக்கின்றன. முதலில் உலோகப் பிடிப்புள்ள பற்களால் 30, 60, 120 என்ற எண் வரிசையில் தரையை அரைத்து மட்டமாக்குவார்கள். பிறகு ரெசின் பிடிப்புள்ள வட்டுகளால் 100, 200, 400, 800, தேவையென்றால் 1500, 3000 வரை போவார்கள். எண் கூடக் கூட வைரத் துகள் நுண்ணியதாகும். ஒவ்வொரு படியும் முந்தைய படி விட்ட கீறலை எடுக்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டால் அந்தக் கீறல் கடைசிவரை போகாது; காலை வெயில் சாய்வாக விழும்போது வட்ட வட்டமாகக் கண்ணில் படும்.

இடையில் டென்சிஃபையர் என்ற திரவம் ஒன்றை ஊற்றுவார்கள். அது சோடியம், பொட்டாசியம் அல்லது லித்தியம் சிலிகேட்டின் கரைசல். கான்கிரீட்டின் நுண்துளைகளில் சிமெண்ட் விட்டுச்சென்ற சுண்ணாம்போடு அது வினைபுரிந்து, கான்கிரீட்டுக்குப் பிடிப்பைத் தருகிற அதே வகைக் கால்சியம் சிலிகேட் பொருளாக மாறுகிறது. மேற்பரப்பு இறுகுவதும் பொடி நிற்பதும் இதனால்தான். வழக்கமாக 120 அல்லது 200 எண் முடிந்ததும் இதை ஊற்றி, இருபது முப்பது நிமிடங்கள் தரை ஈரமாகவே இருக்கும்படி தள்ளித் தள்ளிவிட வேண்டும். காயவிட்டால் வெள்ளைத் திட்டாக உறைந்துவிடும். அதை எடுப்பது பெரும்பாடு.

ஆக, பளபளப்பது கான்கிரீட்டேதான். அது போட்ட அன்று எப்படிப் போடப்பட்டதோ, அந்தக் கதை முழுவதும் பாலிஷில் வெளியே வந்துவிடும்.

உங்கள் கீழ்த்தளத்தின் கதையை உங்கள் படங்களே சொல்கின்றன. மேஸ்திரி கான்கிரீட்டைக் கொட்டி மட்டப்பலகை இழுத்த பிறகு, மேலே கசிந்த நீரை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அது வழவழப்பாக இருக்கும். வீட்டுக்காரருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் நீர் மிகுந்த மேற்பரப்பில் சிமெண்டைத் தூவித் தேய்க்கும்போது, ஜல்லியோ போதிய மணலோ இல்லாத மெல்லிய சிமெண்ட் ஏடு ஒன்று மேலே தங்குகிறது. அது காயும்போது அதிகம் சுருங்கி, சிலந்தி வலை போன்ற மயிரிழை விரிசல்களாக வெடிக்கிறது. நடக்க நடக்கப் பொடியாகிறது. உங்கள் துணியில் படியும் சாம்பல் நிறப் பொடி இந்த ஏடுதான்.

இந்த ஏட்டின் மேல் எந்தப் பளபளப்பும் நிற்காது, எப்பாக்ஸியும் நிற்காது. உரிந்து வரும் எப்பாக்ஸித் தகட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் இந்தச் சிமெண்ட் ஏடு ஒட்டிக்கொண்டு வந்திருப்பதை நான் பல தொழிற்கூடங்களில் பார்த்திருக்கிறேன். எனவே எந்த வழியில் போனாலும் முதல் வேலை இந்த ஏட்டை அரைத்து எடுப்பதுதான். அதை எடுத்தால் அடியில் உள்ள மணல் மணியும், இன்னும் சற்று ஆழம் போனால் ஜல்லி முகமும் தெரியும். அதனால்தான் படத்தில் உள்ள ஒரே நிறத் தரை உங்களுக்கு வராது என்றேன். சிமெண்ட் முகம் மட்டும் தெரியும் அந்தத் தோற்றத்துக்கு, கான்கிரீட் போடும்போதே பவர் ட்ராவல் இயந்திரம் ஓட்டி மேற்பரப்பை இறுக்கி, மேலே கொஞ்சமும் அரைக்காமல் தேய்க்கும் தரை வேண்டும். உங்களுக்கு வரக்கூடியது உப்பும் மிளகும் கலந்தாற்போல் புள்ளி புள்ளியாக மணல் தெரியும் தரை; சில இடங்களில் ஜல்லியும் தெரியும். தையல் கூடத்துக்கு அது நல்ல தோற்றம்தான். நூல் பிசிறும் சிறு கறையும் அதில் எளிதில் கண்ணில் படாது.

"சில இடங்களில்" என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். கையால் இழுத்த தரை முழு மட்டமாக இருப்பதில்லை. 3 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை வெவ்வேறு இடங்களில் கிடத்தி, அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. 6, 8 என்று இருந்தால், இயந்திரம் மேட்டை அரைத்து அங்கே ஜல்லியைக் காட்டும். பள்ளத்தில் பழைய சிமெண்ட் முகம் அப்படியே நிற்கும். முடிவில் தரை ஒரு தேசப்படம் போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். அதைத் தவிர்க்க மொத்தத் தரையையும் ஜல்லி தெரியும் வரை இறக்க வேண்டும், செலவு கூடும். இதை ஒப்பந்தம் போடும் முன்பே ஒப்பந்ததாரரோடு பேசிவிட வேண்டும்.

இன்னும் சில சோதனைகளை நீங்களே செய்யலாம். ஒரு காங்கிரீட் ஆணியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தால் நல்லது, பள்ளம் பறிந்து பொடி குவிந்தால் அங்கே பலம் இல்லை. ஏட்டை எடுத்த பிறகும் ஓர் இடத்தில் இதே சோதனையைச் செய்யுங்கள். முடிவு செய்ய வேண்டியது அந்த இரண்டாவது சோதனையை வைத்துத்தான். சந்தேகம் இருந்தால் ஓர் இன்ஜினீயரை அழைத்து ரீபவுண்ட் ஹாமர் (கான்கிரீட்டில் மோதித் திரும்பும் வேகத்தை வைத்துப் பலத்தை மதிப்பிடும் கருவி) வைத்துப் பார்க்கலாம். பாலிஷ் எடுபடுவதற்குக் கான்கிரீட் எம்25 தரத்தில் (எம் எண் கூடினால் பலம் கூடுதல்) இருப்பது விரும்பத்தக்கது. சைட்டில் கலந்த எம்20 தரையிலும் செய்கிறார்கள். ஆனால் டென்சிஃபையரை அது கூடுதலாகக் குடிக்கும், பளபளப்பு ஓரளவோடு நிற்கும்.

ஈரத்தையும் பார்க்க வேண்டும். தரைக்கடியில் பாலிதீன் விரித்தார்களா என்று தெரியவில்லை என்கிறீர்கள். ஒன்றரை அடிச் சதுரமான கண்ணாடிப் பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரியுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அப்படியானால் எப்பாக்ஸியை மறந்துவிடுங்கள். ஆவியை வெளியே விடாத அந்தப் படலம் கொப்புளமாக எழும்பும். பாலிஷ் செய்த தரை ஆவியை வெளியே விடும் என்பதால் உரியாது. ஆனால் ஈரத்தோடு வரும் உப்பு சில இடங்களில் வெள்ளையாகப் பூக்கும். அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

எப்பாக்ஸி மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. கூடத்தின் ஒரு மூலையில் பிரிண்டிங் மேசையோ கறை எடுக்கும் கெமிக்கலோ வரப்போகிறது என்றால் அந்தப் பகுதிக்கு எப்பாக்ஸியோ பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சோதான் சரி. அமிலம் பட்ட கான்கிரீட் பாலிஷ் அந்த நொடியே மங்கிவிடும். வெறும் தையல், கட்டிங், பேக்கிங் என்றால் பாலிஷே போதும். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து மங்கினாலும் 400 எண்ணிலிருந்து மறுபடி ஓட்டிக்கொள்ளலாம், எதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. ஓவர்லாக், ஃப்ளாட்லாக் இயந்திரங்களின் எண்ணெய் மட்டும் கவனம். மேலே பூசும் கறைத்தடுப்பு திரவம் எண்ணெய் இறங்குவதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. சொட்டும் இயந்திரத்தின் அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள்.

விரிசல்களுக்கு வருகிறேன். 4 அங்குலத் தரையில் சுமார் 3 மீட்டருக்கு ஒரு கோடாக, தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு, கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள் ஜாயிண்ட் வெட்டியிருக்க வேண்டும். சுருங்கும் கான்கிரீட் எங்கேயாவது வெடித்தே தீரும். நாம் கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டில் வெடிக்கும், இல்லையென்றால் பலம் குறைந்த இடத்தைத் தேடிக்கொள்ளும். தூண் மூலை அதற்கு முதல் இடம். உங்கள் தரையில் ஜாயிண்ட் இல்லாததால் நடந்தது இதுதான். இனி வெட்டுவதால் ஏற்கெனவே ஓடிய விரிசல் மறையாது. விரிசலின் வாயைச் சற்று அகலமாக வெட்டி, பொடியை உறிஞ்சி, ஓரளவு நெகிழ்வுள்ள பாலியூரியா அல்லது எப்பாக்ஸி நிரப்பியை ஊற்றி, தரை மட்டத்துக்குச் சீவிவிட வேண்டும். துணிக்கட்டு ஏற்றிய ட்ராலியின் சிறு சக்கரம் நிரப்பாத விரிசலின் உதட்டைத் தினமும் உடைக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. நிரப்பிய கோடு கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் செய்கிறேன் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

மேல்தளத்துக்கு வருவோம். கீழ்த்தளத்துக்கு ரூஃபாகப் போட்ட கான்கிரீட்டின் முகத்தையே பாலிஷ் செய்ய முடியாது. அது கரடுமுரடு, போதாக்குறைக்குப் பூச்சு வேலையின் சிதறலும் அதன் மேல் கிடக்கும். புதிதாக 2 அங்குலம் கான்கிரீட் போட வேண்டும். அதன் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 125 கிலோ, அதாவது சதுர அடிக்குப் பதினொன்றரைக் கிலோ. கலவைப் படுகையின் மேல் டைல்ஸ் பதித்தாலும் ஏறத்தாழ அதே எடைதான் வரும் என்பதால், டைல்ஸுக்குக் கணக்கிட்ட தளம் இதையும் தாங்கும். மட்டம் சரியில்லை என்று மேஸ்திரி 3 அங்குலம், 4 அங்குலம் என்று ஏற்றினால் உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

பழைய தளத்தின் முகத்தைக் கொத்திவிட்டு, சுத்தமாகக் கழுவி, முந்தைய நாளே நீர் தெளித்து ஊறவைத்து, ஆனால் நீர் தேங்காத நிலையில், பிணைப்புக் கலவை தேய்த்து உடனே கான்கிரீட்டைப் போட வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பிறகு தட்டிப் பார்க்கும்போது 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். அந்த இடம் இயந்திரத்தின் எடையில் உடையும். எம்30 தரம், அரை அங்குல ஜல்லி, தூள் அதிகமில்லாத கழுவிய எம்-சாண்ட், நீரைக் குறைத்து அட்மிக்சர் (குறைந்த நீரிலும் கலவையை இளக்கும் திரவம்) சேர்த்த கலவை என்று எழுதி வாங்குங்கள். சிமெண்ட் முழுவதும் ஒரே பிராண்டாக, முடிந்தால் ஒரே லோடாக இருக்கட்டும்; ஹாலில் ஒரு நிறம், படுக்கையறையில் வேறு நிறம் என்று வருவதற்கு இதுவே முதல் காரணம். சிமெண்ட் தூவித் தேய்ப்பதை இங்கே முற்றாகத் தடுத்துவிடுங்கள். தேய்க்கும்போது கரண்டி ஓடவில்லை என்று நீர் தெளிப்பதையும்தான்.

2 அங்குலத் தடிமனுக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டாத கட்டங்களாகப் பிரியுங்கள். பழைய மொசைக் தரைகளில் கண்ணாடிப் பட்டியும் அலுமினியப் பட்டியும் பதித்தது அழகுக்காக மட்டும் இல்லை. விரிசல் அந்தக் கோட்டோடு போகட்டும் என்பதற்காகத்தான். பித்தளைப் பட்டி பதித்தால் பாலிஷுக்குப் பின் நன்றாக இருக்கும். பீமுக்கு நேர் மேலே ஒரு பட்டி வரும்படி கட்டத்தை அமையுங்கள். தளம் வளையும்போது மேல்முகம் இழுபடும் இடம் அது. எலெக்ட்ரீஷியன் தளத்தின் மேல் பைப் ஓட்டியிருந்தால், அந்த இடத்தில் கான்கிரீட் ஓர் அங்குலமாக மெலிந்து பைப்பின் வழியே வெடிக்கும். பைப்பைச் சுவர் வழியாக மாற்றச் சொல்லுங்கள்.

நீராற்றுவது (கியூரிங்) பற்றி ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல், வெப்பமான வறண்ட சூழலில் குறைந்தது 10 நாட்கள் என்றும், சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற சிமெண்டுக்கு 14 நாட்கள் வரை நீட்டிக்கலாம் என்றும் சொல்கிறது. இங்கே கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி.தான், எனவே 14 நாட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள். ஈரச் சாக்கு போட்டால் அதன் நெசவும் கறையும் பதியும். 28 நாட்களுக்கு முன் இயந்திரத்தை ஏற்ற வேண்டாம். முதல் அரைப்பை முடித்து, தரையை மூடிவைத்து, பெயிண்டர், கார்பெண்டர் எல்லாரும் வெளியேறிய பிறகு கடைசிப் பாலிஷ் செய்வதே முறை. மூடும் தாளைத் தரையிலேயே டேப் போட்டு ஒட்டாதீர்கள். பசை இறங்கிய கோடு போகாது.

வழுக்குவது பற்றி உங்கள் அச்சம் பாதி சரி. உலர்ந்திருக்கும் பாலிஷ் தரை, பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸைவிட அதிகமாக வழுக்குவதில்லை. எண்ணெயோ சோப்பு நீரோ சிந்தினால் இரண்டும் ஆபத்துதான். வீட்டுக்கு 400 எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிகம் போனால் 800. அதற்கு மேல் போவது கடையின் முகப்புக்குப் பொருந்தும், வயதானவர் நடமாடும் அறைக்குத் தேவையில்லை. மெழுகு எதையும் தடவ விடாதீர்கள். முழங்காலைப் பொறுத்தவரை, கான்கிரீட்டும் டைல்ஸும் கடினத்தில் ஒன்றுதான். அவர் நடக்கும் வழியில் ஓரம் மடங்காத, அடியில் வழுக்காத விரிப்பு ஒன்றைப் போடுவது பாலிஷ் எண்ணைவிட அதிகம் உதவும்.

சமையலறையை ஏன் விலக்கினேன் என்றால், எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் தயிரும் கான்கிரீட்டின் சுண்ணாம்பை அரித்து மங்கல் வட்டங்களை விடும். நம் சமையலில் இவை சிந்தாத நாள் இல்லை. குளியலறையில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை எந்த வீட்டிலும் நிறுத்த முடிவதில்லை. அங்கே சொரசொரப்பான டைல்ஸே போதும். பூஜையறையில் குத்துவிளக்கு வைக்கும் இடத்தில் ஒரு கிரானைட் பலகையைப் பதித்துவிடுங்கள். நல்லெண்ணெய் இறங்கிய கருமையும் மஞ்சள் குங்குமக் கறையும் கான்கிரீட்டை விட்டு எளிதில் போவதில்லை.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று தூசி. உலர் அரைப்பில் கிளம்பும் சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும், அல்லது நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சி இயந்திரத்தை இணைத்து அரைக்க வேண்டும். முகத்தில் கட்டிய கைக்குட்டை போதாது. ஈர அரைப்பில் வரும் சிமெண்ட் சேற்றைச் சாக்கடையில் தள்ளினால் அங்கேயே இறுகி அடைத்துக்கொள்ளும். செடி கொடிக்கும் ஆகாது. ஒரு தொட்டியில் தெளியவிட்டு, காய்ந்த கட்டியைக் கட்டடக் கழிவோடு அனுப்பச் சொல்லுங்கள். பெரிய இயந்திரங்களுக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். கூடத்துக்கு இணைப்பு வந்த பிறகு வேலையைத் தொடங்கினால் ஜெனரேட்டர் வாடகை மிச்சமாகும்.

பராமரிப்பு எளியது. தினமும் நூல் மாப்பால் உலரத் துடைத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் காரமோ அமிலமோ இல்லாத சோப்பு நீரால் துடைத்தால் போதும். பிளீச்சிங் பவுடர், ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதுவும் கூடாது. வாசனைக்காக ஊற்றும் வெள்ளைப் ஃபினைல் மெல்லிய படலமாகத் தங்கித் தரையை மங்கலாக்கும்.

பாலிஷுக்கென்று உங்களுக்கு வந்த இரண்டு கொட்டேஷன்களிலும் 'பாலிஷிங்' என்ற ஒரே சொல்லுக்கு எதிரே சதுர அடி விலை மட்டும் இருக்கிறது. அதை வைத்து ஒப்பிட முடியாது. எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிப்பார்கள், எத்தனை படிகள், எந்த டென்சிஃபையர், ஊசித் துளை அடைப்பு உண்டா, பெரிய இயந்திரம் எட்டாத சுவர் ஓரங்களைக் கை இயந்திரத்தால் அதே எண் வரை கொண்டுவருவார்களா, விரிசல் நிரப்புவது யார் கணக்கில் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சிலர் 200 எண்ணோடு நிறுத்தி, மேலே அக்ரிலிக் சீலர் பூசிப் பளபளப்பைக் காட்டிவிடுவார்கள். சில மாதங்களில் நடைபாதை மட்டும் தேய்ந்து தடம் தெரியும். சீலர் பூசும் முன்பே தரையைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

அதற்கும் முன்னால், ஸ்டாக் ரேக் வரப்போகும் மூலையில் ஒரு மீட்டர் சதுரத்தைக் கடைசிப் படி வரை செய்து காட்டச் சொல்லுங்கள். கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்கள் கான்கிரீட்டின் உள்ளே என்ன ஜல்லி இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்த அளவு பளபளப்பை அது ஏற்கும் என்பதெல்லாம் அந்த ஒரு சதுரத்தில் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்து, மீதித் தரை அதற்கு ஈடாக வரும்போது கடைசித் தவணையைக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்தச் சதுரத்திலும் பொடி உதிர்வது நிற்கவில்லை என்றால், பாலிஷ், எப்பாக்ஸி இரண்டுக்கும் பணம் செலவழிக்காமல், கீழ்த்தளத்திலும் புதிய கான்கிரீட் போடுவது பற்றி உங்கள் இன்ஜினீயரோடு பேசுங்கள்.